மொரப்பூர் கலைமணி திறந்த கண்கள்

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த ஸ்டுடியோ. முன்னறையில் முதலாளி மாதவராஜ் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எடுப்பார். பின்னறை கலைமணியுடையது. ஜன்னல் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து. பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து, செத்துப்போனவர்களுக்குக் கண் திறந்துகொண்டிருக்கிறாள்.

இந்தப் பக்கத்து ஊர்களில் வயசானவர்கள் பலருக்கு உருப்படியாக ஒரு போட்டோ இருக்காது. செத்த பிறகு குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு யாராவது செல்போனில் எடுப்பார்கள். பதினாறாம் நாள் கும்பிடுவதற்குப் படம் வேண்டும். அந்தப் போட்டோவை ஸ்டுடியோவுக்கு அனுப்பி, "கண்ணத் தொறந்து குடுத்துருங்க" என்பார்கள். மூக்குப் பஞ்சை எடுப்பது, தாடைக்கட்டை அழிப்பது, நாற்காலியைத் தூக்கிவிட்டுப் பின்னால் நீல வானம் வைப்பது எல்லாம் எந்த ஸ்டுடியோவிலும் செய்வார்கள். கண் என்றால் கலைமணிதான். சுற்றுப்பட்டில் அவளைப் பேர் சொல்லிக் கேட்பதில்லை. 'கண்ணு தொறக்கறம்மா இருக்காங்களா?' என்றுதான் கேட்பார்கள்.

மூடின இமைக்கு மேல் கண்ணை வரைய முடியாது. இன்னொரு கண்ணை எடுத்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் கூடப் பிறந்தவர்கள் கண்ணை எடுத்தாள். அண்ணனுக்குத் தம்பி கண், அம்மாவுக்கு மகள் கண். ஜாடை ஒன்றாக இருக்கும், வேலையும் சுலபம். ஆறு வருஷத்துக்கு முன்னால் தர்மன் என்று ஒருவர், இறந்துபோன அண்ணனுக்காகத் தன் கண்ணைக் கொடுத்தார். படம் அப்படியே பொருந்தியது. ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"கண்ண மூடுனா எங்கண்ணன் வூட்டு நடை தெரியுதுங்க. மேலருந்து பாக்கற மாதிரி. அண்ணி கூட்டறாங்க, நாயி படுத்திருக்குது. மொதல்ல கனவுன்னு நெனச்சேன். போயிக் கேட்டா, அன்னிக்கி நாயி அங்கதான் படுத்திருந்துச்சாம்."

"சிசிடிவி கேமரா செலவு மிச்சம்னு நெனச்சுக்கங்க" என்று மாதவராஜ் சிரித்தார்.

தர்மன் சிரிக்கவில்லை. கடைசியில் மாதவராஜே அந்த அண்ணன் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு அனுப்பிவைத்தார். அதன் பிறகு தர்மனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆனால் விஷயம் ஊர் ஊராகப் போய்விட்டது. "உசுரோட இருக்கறவங்க கண்ணு மட்டும் வேணாங்க" என்று எல்லோரும் முதலிலேயே சொல்லிவிடத் தொடங்கினார்கள். நெட்டில் கிடைக்கும் முகங்களை எடுக்கவும் கலைமணிக்குப் பயம். அந்த ஆள் எந்த ஊரில் உயிரோடு இருக்கிறாரோ, யார் கண்டது?

யாருடையதும் இல்லாத கண் வேண்டியிருந்தது. அது அவளுக்கு ஒரு விளையாட்டிலிருந்து கிடைத்தது.

மகள் சுசித்ரா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். புருஷன் சென்னப்பனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவான். வீட்டில் கலைமணியும் அவள் அப்பா கருப்பண்ணனும்தான். கடைக்குப் போகும் எட்டு இருபது பஸ்ஸில் நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்து போகிறாளே என்று சுசித்ரா அம்மாவின் போனில் ஒரு கேம் ஏற்றிக் கொடுத்தாள். கடலுக்கு நடுவே ஒரு தீவு. வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், செடி வைக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் படகில் ஒரு கீரிப்பிள்ளை வரும். கோட்டு போட்ட கீரி. அதனிடம் நாலு ஓவியங்கள் இருக்கும். எல்லாம் உலகத்தில் நிஜமாகவே இருக்கிற பேர்பெற்ற ஓவியங்கள். ஆனால் நாலில் ஒன்றுதான் அசல், மற்ற மூன்றும் போலி. அசலைக் கண்டுபிடித்து வாங்கி அருங்காட்சியகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கொக்கு வாங்கி மாட்டும். போலியைக் கொடுத்தால், 'மன்னிக்கவும், இதை நான் ஏற்க முடியாது' என்று தலையைத் திருப்பிக்கொள்ளும்.

கலைமணிக்கு இது கை வந்த வேலை. மோனாலிசாவின் கைகள் இடம் மாறியிருப்பது, சூரியகாந்திக் கொத்தில் ஒரு பூ கூடியிருப்பது, பால் ஊற்றுகிற பெண்ணின் பால் பாத்திரத்துக்கு வெளியே விழுவது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பியது ஒரே முறை, முதல் வெள்ளிக்கிழமை. நீலத் தலைத்துண்டு கட்டி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிற ஒரு பெண். அசலில் காதில் முத்துத் தோடு இருக்கும். அவள் வாங்கியதில் முத்துக்குப் பதில் சின்ன மணி ஒன்று தொங்கியது. கொக்கு தலையைத் திருப்பிக்கொண்டது. சரி கிடக்கட்டும் என்று தீவில் தன் வீட்டு நடுச் சுவரில் அதை மாட்டினாள். பிறகு முத்து போட்டவளையும் வாங்கி அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டாள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சுசித்ராதான் படித்துச் சொன்னாள்.

"முந்நூத்தி அறுவது வருசத்துக்கு முன்னாடி ஹாலந்துல வரஞ்சதாம்மா. இவ யாருன்னே யாருக்கும் தெரியாதாம். ஆளே இல்லாம மனசுல நெனச்சு வரஞ்சதா இருக்கும்னும் போட்டிருக்குது."

"ஆளே இல்லியா?"

"ஏன், வூட்டுக்குக் கூப்பிடப் போறியா?"

கலைமணி போனைக் கையில் வாங்கினாள். அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்கள். சற்றே பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு இருந்தன. நாற்காலியில் உட்காரவைத்த பிணத்தின் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதற்கு அளவெடுத்து வரைந்த மாதிரி இருந்தது.

அருங்காட்சியகத்தில் படத்துக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது, கிட்டே போக முடியாது. தீவு வீட்டில் இருந்ததை இரண்டு விரலால் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். சாயத்தின் வெடிப்பு வரை தெரியும். போலியிலிருந்து எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தோடுதானே பொய், கண் இரண்டிலும் ஒன்றுதானே என்று முடிவு செய்து, அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டாள். நிறத்தை மட்டும் நம் ஊர்க் கறுப்புக்கு மாற்றினாள்.

மூன்று வருஷத்தில் பதினோரு பெண்களுக்கு அந்தக் கண்ணை வைத்தாள். வாங்கிப் போனவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "உசுரோட திரும்பிப் பாக்கற மாதிரியே இருக்குதுங்க." பதினோரு பேரில் ஒருத்தி அவளுடைய அம்மா மாதம்மாள்.

ஸ்டுடியோவில் வேலை செய்கிறவளின் அம்மாவுக்குக் கண் திறந்த போட்டோ ஒன்று இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மாதம்மாள் கேமராவைத் தூக்கினாலே கண்ணை மூடிவிடுவாள். கல்யாணப் போட்டோவில் தலை குனிந்திருந்தாள், பேத்தி சடங்குப் போட்டோவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டையில் இருந்தது மனுஷியா கரித்துண்டா என்றே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போனபோது, கலைமணி மற்றவர்களுக்குச் செய்ததையே அம்மாவுக்கும் செய்தாள். படம் கூடத்துச் சுவரில் ஏறியது.

கருப்பண்ணனுக்கு எழுபத்தொன்பது வயது. மாதம்மாள் இருந்தவரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவர் சாப்பிடுவார். பார்க்காவிட்டால் பாதியில் கை கழுவிவிடுவார். அவள் படமான பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. மூன்று வேளையும் தட்டைப் படத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அந்த ஒரு பழக்கத்தில்தான் அவர் உடம்பு நின்றுகொண்டிருந்தது என்பது கலைமணிக்குத் தெரியும்.

இந்த ஆடியில் ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது, மத்தியானத்துக்கு வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே மூடியிருந்தது.

"ஏம்ப்பா, சாப்பிடல?"

"உங்கம்மா கண்ண மூடிக்கறா."

கலைமணி படத்தைப் பார்த்தாள். அம்மா எப்போதும் போல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்துதான இருக்குது?"

"இப்பத் தொறந்திருக்குது. உச்சிப் பொழுதுல மூடிக்கறா. நாலு நாளா. நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?"

வயசாகிவிட்டது, வெயில் நேரத்தில் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அப்படித் தெரிந்திருக்கும் என்று கலைமணி நினைத்தாள். படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். மறுநாளும் சோறு அப்படியே இருந்தது.

அந்த வாரமே காசியம்மாள் கடைக்கு வந்தாள். தீர்த்தமலைப் பக்கம் ஒரு ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் அக்காவுக்குக் கண் திறந்து வாங்கிப் போனவள். படத்தைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மணி பன்னிரண்டரை.

"அம்மா, நான் பைத்தியக்காரி இல்லீங்க. எனக்குச் சக்கரை கூட கெடையாது."

"என்னாச்சு, சொல்லுங்க."

"நீங்களே ஒரு மணி வரைக்கும் இருந்து பாருங்க. நான் டீக்கடையில இருக்கறேன். எனக்குப் பாத்தது போதும்."

கலைமணி படத்தை நிமிர்த்தி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாள். ஒரு மணிக்கு ஸ்டேஷனில் நிற்காத வண்டி ஒன்று கடந்தது. சுவரில் மாட்டியிருந்த சாம்பிள் படங்கள் எல்லாம் வழக்கம்போல் கடகடவென்று ஆடின. ஆடி நின்றதும் திரும்பிப் பார்த்தாள். காசியம்மாளின் அக்கா கண்ணை மூடியிருந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த அன்றைக்கு இருந்த அதே இமைகள். இடது இமையில் ஒரு சின்ன மரு இருந்தது. அதைக் கலைமணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை அழித்ததே அவள்தான்.

மேசை விசிறியை நிறுத்திவிட்டு, மாதவராஜைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். "கறுப்புக் கண்ணாடி ஒண்ணு போட்டுரலாமா?" என்றார். இந்த முறை அவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சுசித்ரா லீவில் வந்தாள். பாதியைக் கேட்டதுமே அம்மாவின் போனை வாங்கி கேமைத் திறந்தாள்.

"எந்தப் படத்துலருந்து எடுத்த? மியூசியத்துல இருக்கறதா, வூட்டுல இருக்கறதா?"

"வூட்டுல இருக்கறது."

"அது போலிம்மா!"

"தோடுதான்டி போலி. கண்ணு சரியாத்தான் இருந்துச்சு."

"அந்தக் கத இப்ப ஆகாது. ஆடி ஒண்ணாந்தேதி அப்டேட் வந்துச்சுல்ல? அதுலருந்து போலிப் படமெல்லாம் மத்தியானம் ஒண்ணுலருந்து ரெண்டு வரைக்கும் எதாச்சும் பண்ணும். ஒண்ணு சிரிக்கும், ஒண்ணு திரும்பிக்கும். போலின்னு நமக்குத் தெரியறதுக்கு அப்படி வெச்சிருக்கறாங்க. நீ மத்தியானத்துல கேமுக்குள்ள போனதே இல்லையா?"

அவள் போனதே இல்லை. பஸ்ஸில் மட்டுமே விளையாடுவதால் அவளுடைய தீவில் எப்போதும் காலை எட்டரை மணிதான்.

அப்போது மணி ஒன்றேகால். தீவு வீட்டின் கதவைச் சுசித்ரா திறந்தாள். நடுச் சுவரில், நீலத் தலைத்துண்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு, காதில் மணி தொங்க, தோளுக்கு மேல் திரும்பியிருந்தாள். இருவரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். கூடத்துச் சுவரில் மாதம்மாளும் அப்படித்தான் இருந்தாள். கீழே கருப்பண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்திருப்பாள் என்று காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அதத் தூக்கி எறிஞ்சுரும்மா" என்றாள் சுசித்ரா.

போலி ஓவியத்தை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். குப்பையில்தான் போட வேண்டும். 'நிச்சயமாகவா?' என்று கேம் ஒரு முறை கேட்டது. கலைமணி ஆமாம் என்றாள். மூடின கண்ணோடே படம் போயிற்று, சுவர் வெறுமையாயிற்று. அதோடு தீர்ந்தது என்று நினைத்தார்கள். இரண்டு மணிக்குத் திறக்க வேண்டிய மாதம்மாளின் கண் அன்று திறக்கவில்லை. விளக்கு வைத்த பிறகும் திறக்கவில்லை.

காலையில் காசியம்மாள் போன் செய்தாள். "இப்பத் தொறக்கறதே இல்லீங்க. ஆனா பரவால்லீங்க. பாதியில பாதியில மூடறதுக்கு இது தேவல. பாவம், தூங்கட்டும், வுட்டுருங்க." மற்ற ஒன்பது வீட்டிலிருந்தும் எந்தப் பேச்சும் வரவில்லை. மாலை போட்டு மாட்டிய படத்தை யார் தினமும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

கருப்பண்ணன் பார்க்கிறவர். அதுவரை மத்தியானச் சோறு மட்டும்தான் நின்றிருந்தது. இப்போது மூன்று வேளையும் நின்றது.

"அம்மா தூங்கறாப்பா. நீங்க சாப்பிடுங்க."

"தூங்கறவ முன்னாடி தட்டத் தூக்கிக் காட்டறதா? எழவு வூடா இது?"

முதல் நாள் காபி மட்டும் குடித்தார். இரண்டாம் நாள் அதையும் வேண்டாம் என்றார். முத்துத் தோட்டுக்காரியின் கண்ணை மறுபடி தொடப் பயந்து, கலைமணி அருங்காட்சியகத்தில் இருந்த மோனாலிசாவின் கண்ணை எப்படியோ எடுத்து, புதுப் பிரிண்ட் போட்டு மாட்டினாள். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா யாரு? வேத்தாளு எதுக்க எப்படிச் சாப்பிடறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டிய பிரிண்ட் அதற்கடுத்து. அதற்கு அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். "வாய் வழியா உள்ள போகணும்மா. இந்த வயசுல இப்படியே வுட்டா ஒரு வாரம் தாங்காது" என்றார். ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலையில் கலைமணி முன்னறைக்குப் போய், மாதவராஜ் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, எம் மூஞ்சிய ஒரு போட்டோ எடுங்க. கண்ணு நல்லாத் தெரியணும்."

"எதுக்கு?"

மாதம்மாள் கண்தான் கலைமணிக்கு என்று அவள் பிறந்ததிலிருந்து சொல்லாத ஆள் இல்லை. மாதவராஜுக்கும் அது தெரியும். கேமராவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"தர்மன் நின்ன எடத்துல நீயும் வந்து நிக்கப் போறியா?"

"அவரு பயந்தாரு. செத்தா போயிட்டாரு?"

"ஏம்மா, அவருக்குக் கண்ணாடியப் போட்டு வுட்டுட்டோம், தப்பிச்சாரு. உங்கப்பா கண்ணாடி போட வுட மாட்டாரே. அந்தக் கண்ணு அங்கயே இருக்கும். அவரு இருக்கற வரைக்கும்."

"அவரு இருக்கணும்கறதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன். தலைய எந்தப் பக்கம் சாய்க்கட்டும்?"

மாதவராஜ் இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் அவள் இமைக்கவில்லை.

வேலைக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நிறம் மாற்ற வேண்டியதில்லை, இமை வளைவைத் திருத்த வேண்டியதில்லை. எந்தக் கண்ணும் எந்த முகத்திலும் இத்தனை சுலபமாகப் போய் உட்கார்ந்ததில்லை. பதினோரு மணி பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பக்கத்து சீட்டுக்காரி படத்தைப் பார்த்து, அவளைப் பார்த்து, நகர்ந்து உட்கார்ந்தாள்.

படம் ஏறியதும் கருப்பண்ணன் வெகுநேரம் பார்த்தார். எழுந்து கிட்டே போனார். "வந்துட்டியா?" என்றார் சுவரைப் பார்த்து. அப்புறம் மகளிடம் திரும்பி, "ரசம் இருக்குதா?" என்று கேட்டார்.

இரண்டு கரண்டி ரசஞ்சோறு சாப்பிட்டார். சாயங்காலம் இன்னும் கொஞ்சம். ஒரு வாரத்தில் பழையபடி ஊறுகாய்க்குச் சண்டை போட்டார். சுசித்ரா சேலத்திலிருந்து கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகலியே உனக்கு?" என்று கேட்டபோதெல்லாம் கலைமணி, "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தாள். கேமைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள். பஸ்ஸில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். தூங்கவில்லை. சும்மா ஒரு அயர்வு. ஒரு மணி வண்டி போயிற்று.

அன்றைக்கு முதன்முறையாக இருட்டு வரவில்லை. கூடம் தெரிந்தது. அவள் வீட்டுக் கூடம். மேலிருந்து தெரிந்தது. அலமாரியின் மேல்தட்டில் படிந்திருந்த தூசு, அதில் அவள் தேடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல். கீழே ஒரு வழுக்கைத் தலை. தலை நிமிர்ந்தது. அப்பா தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். உதடு என்னவோ சொன்னது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த போனை எடுத்தார்.

மேசையில் அவளுடைய போன் அடித்தது.

"கலை, தூங்கறியா?"

"இல்லப்பா."

"உங்கம்மா கண்ண மூடிட்டா. அதான் கேட்டேன்."

அவர் குரலில் பயம் எதுவும் இல்லை. மாடு கட்டியிருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். கலைமணி எழுந்து குடத்துத் தண்ணீரை இரண்டு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். கண்ணை நன்றாக விரித்தாள்.

"இப்ப?"

"ம். இப்பப் பாக்கறா."

"சரி, சாப்பிடுங்க. போன வெக்காதீங்க, அப்படியே பக்கத்துல வையுங்க."

மாதவராஜ் எட்டிப் பார்த்தார். அவள் போனைக் காதில் வைத்தபடி, எதிரே இருந்த வெறும் சுவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்து வழிந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் ஒரு நொடி மூட வேண்டியிருக்கும். போனில் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் பாதிச் சோறு இருந்தது.